நாகப்பட்டினம் டீ குடிக்க மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பர்மாவிலிருந்து எழுதுகிறேன். ஊர் பெகு. அரசாங்கப் பலகைகளில் பகோ என்றுதான் இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெகுதான், மாற்றிச் சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. உங்கள் பத்திரிகையைக் கைபேசியில் படிக்கிறவன் நான். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு, போன பிறகு வாசலில் காற்றாட உட்கார்ந்து படிப்பது. அப்படித்தான் போன மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில் வந்த சோழநாட்டுக் கடற்கரைப் பயணக் கட்டுரையையும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். தரங்கம்பாடிக்கு அரைப் பக்கம், வேளாங்கண்ணிக்கு ஒரு பக்கம், நாகூர் தர்காவின் மனோராக் கோபுரங்களுக்கு அழகான படம். நாகப்பட்டினத்துக்கு மட்டும் ஒரே வரி. வழியில் நாகையில் நிறுத்தி டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்களாம்.

அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. கட்டுரையாளர் மேல் கோபமில்லை, ஏனென்றால் முதல் தடவை வந்தபோது நானும் அதையேதான் செய்தேன். சென்னையில் ஒரு சுற்றுலா வேன்காரரிடம் பணம் கட்டி, கும்பகோணத்துக் கோயில்கள், வேளாங்கண்ணி, நாகூர் என்று மூன்று நாள் சுற்றினோம். நாகப்பட்டினத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது நிமிஷம். என் தாத்தா கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரர், அவர் வாயில் பட்டினம் என்றால் நாகப்பட்டினம்தான், அதனால் ஊருக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமா என்று டிரைவரிடம் கேட்டேன். "இங்க ஒண்ணும் இல்ல சார், வெயில்தான் இருக்கு" என்றார். பணம் கட்டியாகிவிட்டது, வேனில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள், என்ன செய்ய? ஏறி உட்கார்ந்தேன்.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, எனக்குப் பழக்கமான, இங்குள்ள மோன் இனத்து வாத்தியார் ஒருவரிடம் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினம் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஊருக்கா போனாய்? நம் கல்யாணிக் கல்லில் இருக்கிற ஊராயிற்றே! அங்கே என்ன பார்த்தாய்?" டீ குடித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கல்யாணிக் கல் என்றால் என்னவென்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெகுவில் கல்யாணி தெய்ன் என்று ஒரு மண்டபம் உண்டு, பிக்குகளுக்குத் துறவு கொடுக்கிற இடம். 15-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட தம்மசேதி ராஜாவுக்கு, தன் நாட்டுப் பிக்குகளின் துறவு முறைப்படி நடந்ததுதானா என்று ஒரு சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ள 1476-இல் 22 பிக்குகளையும் அவர்களுடைய சீடர்களையும் இரண்டு கப்பல்களில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பினார். அங்கே கல்யாணி ஆற்றில், இன்றைக்குக் களனி என்கிறார்களே அந்த ஆற்றில்தான், மறுபடி துறவு வாங்கிக்கொண்டு வந்தார்கள். இந்தக் கதை முழுவதையும் ராஜா 10 கற்களில் வெட்டி வைத்தார், மூன்று கல் பாலியில், ஏழு கல் மோன் மொழியில். திரும்பும் வழியில் அந்த பிக்குகளில் ஒரு பகுதியினர் ஏறிய கப்பல் புயலில் சிக்கி உடைந்துபோனது. கரையேறியவர்கள் கால்நடையாகவே நடந்து நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார்கள். அங்கே பதரிகாராமம் என்ற விகாரை இருந்த இடத்தைப் பார்த்தார்கள், சீன ராஜா சொல்லிக் கட்டிய குகையில் இருந்த புத்தரைக் கும்பிட்டார்கள். புத்தருடைய பல்லை இலங்கைக்குக் கொண்டுபோகும் வழியில் இறக்கி வைத்த இடம் அது என்றும் அந்தக் கல் சொல்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கும் கல் அது. அதில் என் தாத்தாவின் பட்டினம் இருக்கிறது. இது தெரியாமலே ஐம்பது வயதைத் தாண்டியிருக்கிறேன், தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சரி, இரண்டாவது பயணத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஆனி மாதக் கடைசியில் நானும் என் வீட்டுக்காரியும் கிளம்பினோம். முதலில் சென்னையில் இரண்டு நாள், சித்தப்பா மகன் வீட்டில். 1964-இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு சித்தப்பா குடும்பம் கப்பலேறிவிட்டது, பாட்டி படுத்த படுக்கையாக இருந்ததால் அப்பா மட்டும் தங்கிவிட்டார். தம்பி இப்போது பர்மா பஜாருக்கு எதிர்ச் சாரியில் சாயங்காலம் அத்தோ வண்டி போடுகிறான். "அண்ணே, நீங்க ஒரிஜினல் பர்மாக்காரரு, சாப்பிட்டுச் சொல்லுங்க" என்று கூட்டத்துக்கு முன்னால் ஒரு தட்டை நீட்டினான். பர்மாவில் அத்தோ என்றால் கையால் பிசைந்தது, அவ்வளவுதான், எதைப் பிசைந்தாலும் அத்தோ. சென்னையிலோ அது ஒரே ஒரு பண்டத்தின் பெயராகிவிட்டது, ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர். எங்கள் ஊரில் இப்படி இருக்காது. ஆனாலும் இரண்டாவது தட்டு கேட்டு வாங்கினேன். ரங்கூனில் நம் தோசை டோஷே ஆகிவிட்டதே, அதற்கு இது பதில் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் எழும்பூர் அருங்காட்சியகம். நாகைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் அங்கே போய்விட்டுப் போங்கள், இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1856-இலிருந்து 1930-கள் வரைக்கும் நாகப்பட்டினத்தில் வெளிப்பாளையம், நாணயக்காரத் தெருப் பக்கம் தோண்டத் தோண்டப் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்துக்கொண்டே இருந்தன, மொத்தம் சுமார் 350. அவற்றில் நிறையச் சென்னையில்தான் இருக்கின்றன. சின்னச் சின்னச் சிலைகள், பல நம் முழங்கை உயரம்கூட வராது. தலைக்கு மேல் தீச்சுடர் மாதிரி ஒன்று எழுந்து நிற்கும், அது நாகைப் புத்தரின் அடையாளம் என்றே சொல்லலாம். எங்கள் ஊர்ப் புத்தர்களுக்கு முகம் வேறு, இந்தப் புத்தருக்கு நம் கோயில் உற்சவரின் முகம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் என் வீட்டுக்காரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றுவிட்டாள். காவலர் ஒன்றும் சொல்லவில்லை, செருப்பைத்தான் ஒருமுறை பார்த்தார்.

அன்று இரவே காரைக்கால் போகிற ரயில். விடியற்காலையில் நாகப்பட்டினத்தில் இறங்கினோம். இந்த ரயில் பாதைக்கும் ஒரு கதை உண்டு. 1861-லேயே நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியிருக்கிறது. ரயில் பட்டறையும் இங்கேதான் இருந்தது, பிறகுதான் திருச்சி பொன்மலைக்குப் போனது. துறைமுகம் இருந்ததால் ரயில் வந்தது. துறைமுகம் படுத்த பிறகு ரயில் மட்டும் இருக்கிறது.

தங்கின இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் வேண்டாம். அறை சுத்தம்தான். சாப்பாட்டு அட்டையைப் பார்த்தால் கோபி மஞ்சூரியன், பன்னீர் பட்டர் மசாலா, ஷெஸ்வான் ஃபிரைடு ரைஸ். மீன் இருக்கிறதா என்றால், முன்கூட்டிச் சொன்னால் செய்வார்களாம். ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை அடிக்கிற ஊர் ஐயா அது! முன்கூட்டியே சொன்னோம். அப்புறமும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாகையில் சத்திரத்துச் சோறு விடிவெள்ளி முளைக்கும்போதுதான் இலையில் விழும் என்று ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு புலவர் பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதனால் நான் புதிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் ஒரு ஆட்டோ பிடித்தோம். ஓட்டின தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். புதுவெளிக் கோபுரம் இருந்த இடத்துக்குப் போகணும் என்றேன். "கோபுரம்னா நீலாயதாட்சி அம்மன் கோயிலா, பெருமாள் கோயிலா?" என்றார். இரண்டும் இல்லை, சீனாக்காரன் கோபுரம் என்று சொல்வார்களே என்றேன். சீன ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இல்லாத கோபுரத்தை அவர் எங்கிருந்து காட்டுவார்.

இருந்த கதை இதுதான். சுமத்திராப் பக்கத்து ஸ்ரீவிஜயத்து அரசர் சூடாமணிவர்மன் பெயரில் நாகையில் ஒரு பெரிய விகாரை எழுந்தது, முதலாம் ராஜராஜன் 1006-ஐ ஒட்டி ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குத் தானமாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள்தான் கடல் கடந்து ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய், லெய்டன் செப்பேடு என்றே பெயர் வாங்கிவிட்டன. ஆனைமங்கலம் கீழ்வேளூர்ப் பக்கம்தான், அதாவது என் தாத்தா மாடு மேய்த்த பக்கம். அந்தக் காலத்தில் புத்தர் கோயிலைப் பள்ளி என்றார்கள், ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி என்று. அதே சொல்தான் இன்றைக்குப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி, நாகூர்க்காரர்கள் தொழுகிற பள்ளிவாசல். ஊருக்கு வடக்கே செங்கல்லைச் சுண்ணாம்பு வைக்காமல் நெருக்கி அடுக்கிக் கட்டின மூன்று நிலைக் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் நின்றது, சிதைந்த நிலையில்தான். நான் கேட்ட புதுவெளிக் கோபுரம் அதுதான். கடலில் வருகிற மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். 1846-இல் வால்டர் எலியட் என்ற அதிகாரி வந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இயேசு சபைப் பாதிரிமார் அந்த இடத்தில் கல்லூரிக் கட்டடம் கட்டவேண்டும் என்று அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி 1867-இல் இடித்துவிட்டார்கள். பல நூற்றாண்டுகளாக மழையும் புயலும் செய்யாத வேலை. அந்தக் கல்லூரியும் பிறகு 1883-இல் திருச்சிக்குப் போய்விட்டது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வெளிப்பாளையத்தில் வெயிலில் அலைந்தோம். ஒரு வக்கீல் குமாஸ்தா, ஒரு டீக்கடைக்காரர், பென்ஷன் வாங்க வந்த பெரியவர் ஒருவர், எல்லோரிடமும் கேட்டோம். பெரியவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. "எங்க அப்பா சொல்லுவாரு, வீடு கட்ட வானம் தோண்டுறப்போ சிலை வந்துச்சுன்னு" என்று பொதுவாக ஒரு பக்கம் கையைக் காட்டினார். கல்லோ, பலகையோ, இங்கே இன்னது இருந்தது என்று ஒரு வரி எழுதின தகரமோ, என் கண்ணில் படவில்லை. எங்கள் பெகுவில் நாகப்பட்டினத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், நாகப்பட்டினத்தில் அந்த இடத்தைக் காட்ட ஒரு தகரம் இல்லை. இதைத்தான் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். கோபுரத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லவில்லை. ஒரு பலகை, அதில் தமிழில் நாலு வரி. அந்தக் கோபுரத்தின் பழைய கோட்டுப் படம் இருக்கிறது, அதையும் போடலாம். எழும்பூரில் இருப்பவற்றில் இரண்டு மூன்றுக்காவது நல்ல வார்ப்புப் பிரதி எடுத்து ஊரிலேயே வைத்தால், இலங்கை, பர்மா, தாய்லாந்துக்காரர்கள் வேளாங்கண்ணிக்கு வருகிற மாதிரி இங்கேயும் வருவார்கள். நாங்கள் கும்பிடுகிற ஜாதி, வந்தால் உண்டியலில் போடாமல் போகமாட்டோம்.

இத்தனைக்கும் ஊரில் மிச்சம் இருப்பதே ஒரு நாளைக்குக் காணாது. காயாரோகணர் கோயிலில் நீலாயதாட்சி சன்னதி, 108 திவ்ய தேசத்தில் ஒன்றான சௌந்தரராஜப் பெருமாள். டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்து 1781 வரைக்கும் வைத்திருந்தார்கள், அவர்களுடைய கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. இதையெல்லாம் நான் அவசரமாகத்தான் பார்த்தேன், வெயில் அப்படி. ஆனால் நம்பியார் நகரில் அதிபத்த நாயனார் கதையைக் கேட்டுக்கொண்டு நின்ற அரை மணி நேரம் மறக்காது. வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுகிற பரதவர். பல நாள் ஒரே ஒரு மீன்தான் விழும், அதையும் விட்டுவிடுவார். கடைசியில் தங்க மீன் விழுந்தது, அதையும் விட்டார். ஆவணி மாதம் ஆயில்யத்தன்று அதைத் திருவிழாவாகக் கடலிலேயே நடத்துகிறார்கள். இதை எனக்குச் சொன்ன மீனவர் வலையைத் தைத்துக்கொண்டே சொன்னார், தலையை நிமிர்த்தவில்லை. "அவரு விட்டாரு, நாம விடுவோமா?" என்று சிரித்தார்.

அக்கரைப்பேட்டைக்கு மறுநாள் விடிய நாலரைக்கே போனோம். ஆட்டோத் தம்பியே வந்து எழுப்பினார், அவருடைய மாமா அங்கே ஏலம் போடுகிறவர். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், அது முடிந்து படகுகள் மறுபடி போக ஆரம்பித்திருந்த சமயம், அதனால் கரை கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஐஸ் உடைக்கிற சத்தம், கூடையைத் தரையில் இழுக்கிற சத்தம், ஏலக்காரர் குரல். சங்கரா, வஞ்சிரம், வவ்வால், எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஒரு ஓரத்தில் நீலமும் வெள்ளியுமாக ஒரு குவியல். தம்பி ஒன்றை எடுத்து, பக்கத்துத் துடுப்பை விரலால் இழுத்து விரித்துக் காட்டினார். விசிறி மாதிரி விரிந்தது, பின்னால் இருந்த வெளிச்சம் அதன் வழியாகத் தெரிந்தது. கோலா மீன். பறக்கிற மீன்.

கோலா என்று கேட்டதும் நான் கறிக் கோலா உருண்டையைத்தான் நினைத்தேன், அதுதானே நமக்குத் தெரியும்! நாகைக்காரர்களிடம் கோலா என்றால் இதுதான். வைகாசியில் தொடங்கி ஆடி வாக்கில் முடிகிற பருவம். முட்டை இட இடம் தேடி வருகிற மீன் அது. அந்தக் காலத்தில் செடிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி நடுக்கடலில் மிதக்க விடுவார்களாம், மீன் அதில் முட்டை இட வரும்போது கைவலையால் அள்ளிவிடுவார்களாம். வலைவீசித் தேடிப் போவதைவிட வீடு கட்டிக் கொடுத்துப் பிடிப்பது சுலபம் என்றார் மாமா.

ஒரு கிலோ வாங்கினோம். எங்கே சமைப்பது? அந்தத் தம்பியே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அக்கா நடத்துகிற சின்ன மெஸ்ஸுக்குக் கூட்டிப் போய் மீனைக் கொடுத்தார். மேசை நாலே நாலு. மாங்காய் போட்டுக் குழம்பு, தேங்காய் அரைத்து விட்டது, மேலே நல்லெண்ணெய் மிதக்கிறது. கோலாவின் சதை இறுக்கமாக இருக்கும், வஞ்சிரம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகாது, குழம்பைக் கொஞ்சம் நேரம் ஊறவிட்டால்தான் அதற்குள் இறங்கும். அந்த அக்கா அதனாலேயே பதினொரு மணிக்குச் செய்து ஒரு மணிக்குத்தான் போட்டார். அவசரப்பட்ட என்னை, "இருங்கண்ணே, மீன் எங்கயும் பறந்துடாது இப்போ" என்று உட்கார வைத்தார். முட்டையைத் தனியாக எடுத்து மிளகாய்த்தூள் பிரட்டி வறுத்துக் கொடுத்தார். ஙப்பி என்கிற மீன் விழுதும் மொய்ங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸும் தின்று வளர்ந்த நாக்கு எனக்கு, மீனில் சுலபமாக மயங்காது. அன்றைக்கு மயங்கியது. ஹோட்டல் அட்டையில் கோபி மஞ்சூரியன் இருக்கும் ஊரில், இந்தக் குழம்பு ஒரு பலகைகூட இல்லாத மெஸ்ஸில் இருக்கிறது. கோபுரத்துக்கும் பலகை இல்லை, குழம்புக்கும் பலகை இல்லை.

சுனாமியைப் பற்றி நாங்களாகக் கேட்கவில்லை. மெஸ் அக்காதான் சொன்னார். 2004 டிசம்பர் 26-இல் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள், அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும்தான் ரொம்ப அடிபட்டவை. அவருடைய அண்ணன் குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. நாங்கள் 2008 நர்கீஸ் புயலைச் சொன்னோம், ஐராவதி முகத்துவாரத்தில் லட்சத்துக்கும் மேல் போனதைச் சொன்னோம். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

சாயங்காலம் நாகூர், பக்கம்தான். தர்காவைப் பற்றி நீங்கள் நிறைய எழுதியாயிற்று. தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிம்மன் கட்டிக் கொடுத்த 131 அடிப் பெரிய மனோரா, அதில் அடைகிற புறாக்கள், எல்லாம் படத்தில் இருந்தன. படத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். வாசலில் தகட்டில் வெட்டின உருவங்கள் விற்கிறார்கள், கை, கால், கண், வீடு, தொட்டில் என்று வேண்டுதலுக்குத் தக்கபடி. அதில் கப்பலும் உண்டு. கப்பல் ஓட்டையைக் கண்ணாடியை எறிந்து அடைத்த பெரியவர் என்று தர்காவில் அடங்கியிருக்கும் நாகூர் எஜமானைப் பற்றிச் சொல்வார்கள், கடல் போகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் துணை. இப்போது யார் கப்பல் தகடு வாங்குகிறார்கள் என்று கேட்டேன். படகு வைத்திருப்பவர்கள் வாங்குகிறார்கள், அப்புறம் வெளிநாடு போகிற பிள்ளைகளின் அம்மாக்கள், விமானத் தகடு இல்லாததால், என்றார் கடைக்காரர்.

தெருவில் ஒரு லாத்தா, நாகூர்ப் பேச்சில் அக்கா, வாடா போட்டுக்கொண்டிருந்தார். வடை இல்லை, வாடா. அரிசி மாவை ஈரத்துணியில் தட்டி, வெங்காயமும் தேங்காயும் வதக்கின உள்ளடத்தை வைத்து மூடி, மேலே ஒரு முழு இறாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பதித்து, அப்படியே எண்ணெயில் நழுவ விடுகிறார். இறால் பக்கம் முதலில் சிவக்கும். அரிசி மாவு என்பதால் ஓரம் முறுகி உள்ளே மெத்தென்று இருக்கும். எங்கள் ஊர் இறால் பொரியலான பஸூன் ஜோவுக்கு இது பெரியம்மா மகள் என்று என் வீட்டுக்காரி சொன்னாள், அதைக் கேட்டுவிட்டு அந்த லாத்தா எந்த ஊர் என்றார். பர்மா என்றதும், "எங்க வாப்பாவோட வாப்பா ரங்கூன்லதான் கடை வச்சிருந்தாஹ, மொகல் தெருவுல" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்தத் தெரு இன்றைக்கு ஷ்வே போந்தா. தெருவுக்குப் பேர்தான் மாறியிருக்கிறது, நம் ஆட்கள் கடை இன்னும் இருக்கிறது என்றேன். கணக்கில் இல்லாமல் இரண்டு வாடா இலையில் விழுந்தது. தம்ரூட் என்கிற ரவை இனிப்பும் அல்வாவும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். தம்ரூட் பெகு வரைக்கும் வரவில்லை, ரயிலிலேயே முடிந்துவிட்டது.

இனி வருகிறவர்களுக்கு: நாகையில் இரண்டு ராத்திரி தங்குங்கள். அங்கிருந்து வேளாங்கண்ணியும் பக்கம், நாகூரும் பக்கம், தரங்கம்பாடி ஒரு மணி நேரம். கோலா வேண்டுமென்றால் ஆனியில் வாருங்கள், வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹோட்டலில் சாப்பிடாதீர்கள், ஆட்டோ ஓட்டுகிறவரிடம் அவர் எங்கே சாப்பிடுவார் என்று கேளுங்கள். இங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பல் விட்டார்கள். சிங்கப்பூர் போகிற கப்பல் எண்பதுகளில் நின்றுபோன பிறகு, ஆள் ஏறுகிற கப்பலை இந்த ஊர் அப்போதுதான் பார்த்தது. எங்கள் பக்கம் விட மாட்டார்கள், அது தெரியும். என் தாத்தாவே பட்டினத்துக்காரராக இருந்தும் கப்பலேறியது சென்னையில்தான்.

அந்த ஆட்டோத் தம்பியோடு இன்னும் தொடர்பு இருக்கிறது. கல்யாணித் தெய்னுக்குப் போய் அந்தக் கற்களைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். சிலது உடைந்து ஒட்டவைத்தவை, எழுத்து வட்ட வட்டமாக இருக்கும். "இதுல எங்க ஊரு எங்க இருக்கு சார்?" என்று கேட்டிருந்தார். எனக்கும் அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது, பர்மாவிலேயே பிறந்தும் பாலி படிக்கவில்லை. அங்கே இருக்கிற பிக்குவிடம் கேட்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், அந்த வரி எந்தக் கல்லில் எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டுவதாக. விரலோடு சேர்த்துப் படம் எடுத்துத் தம்பிக்கும் அனுப்புகிறேன், உங்களுக்கும் அனுப்புகிறேன். போட முடிந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
பெகுவிலிருந்து உங்கள் வாசகன்